டிக்கிக்கு அடங்கிய வண்டி

நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டிகள் விற்கும் கடைக்கு மகன் அளவு நாடாவைக் கையோடு கொண்டுவந்திருந்தான். காரின் டிக்கியை நேற்றே அளந்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் செல்போனில் குறித்து வைத்திருந்தான்.

அவன் அம்மா, தபால்காரம்மா, ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தாள். முப்பத்தோரு வருஷம் பை சுமந்து வீடு வீடாக ஏறி இறங்கியவள். ஓய்வு பெற்று, முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகும் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். ஒரு வழியை எப்படி எடைபோடுவது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தன் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு நூற்று நாற்பது கதவு. வழியில் மூன்று இடத்தில் நடைபாதை விளிம்பு நாலு விரல் உயரம். கடைசி இருபத்தாறு கதவும் நல்ல ஏற்றம். பை கனத்த நாட்களில் அங்கே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவாள். அத்தனையும் காகிதத்தில் இருந்தது.

தங்கை இடுப்பெலும்பு முறிந்து, அந்த மேட்டு வீட்டில் படுத்த படுக்கையாகி ஏழு மாதம். அக்கா போய்ப் பார்த்தது ஒரே தடவை. "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேம்மா" என்பான் மகன். ஞாயிற்றுக்கிழமையும் வாராவாரம் தவறாமல் வந்து போனது. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மா எங்கெங்க போவாங்க சார்?"

"வீட்டுக்குள்ள, ஆஸ்பத்திரிக்கு. அப்புறம் நாங்க எங்கயாவது போனா கூட வருவாங்க."

"ஏத்தம் ஏதாவது ஏற வேண்டியிருக்குமா?"

"ஏத்தமா? சேச்சே."

பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் ஒருத்தி உட்கார்ந்திருப்பது இருவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மூலையில் ஒரு நீல வண்டி நின்றது. நாலு சக்கரம், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. ஏறி உட்கார்ந்து கைப்பிடியை அழுத்தினாள். சோதித்துப் பார்ப்பதற்காகப் போட்டிருந்த சரிவுப் பலகையில் அது முனகாமல் ஏறி மேலே போய் நின்றது. தபால்காரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இனி யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். நினைத்த நேரத்தில் போகலாம், தங்கை தலைமாட்டில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசலாம்.

"அம்மா, அது டிக்கில நுழையாதும்மா" என்றான் மகன். "இது பாரு, சின்னது. மடக்கிடலாம்."

நான் ஏறிப் போகிற வண்டி எதற்காக உன் டிக்கிக்குள் நுழைய வேண்டும்? மனசுக்குள் கேட்டுக்கொண்டே வண்டியைப் பலகையிலிருந்து இறக்கினாள்.

கடைக்காரருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். முதல் முறையாக அவளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு எது வேணும்?" என்றார்.

காகிதம் கையில்தான் இருந்தது. நீட்டினால் போதும்.

"எதுவா இருந்தாலும் சரிப்பா. அவனுக்கு எது வசதியோ, அதையே எடுத்துக்கலாம்."

துணிக்கடையில், ஓட்டலில், வீடு மாறும்போது என்று ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லி, வாய்க்கு அது ஒன்றுதான் வந்தது. சொன்ன மறுகணமே தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"எங்கம்மா எப்பவும் இப்படித்தான் சார். தனக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றான் மகன் பெருமையாக.

வண்டி வந்த மூன்றாம் நாள் காலை, மகன் வேலைக்குப் போனதும் தங்கைக்குப் போன் போட்டாள். "வரேன்டி." காப்பிக் கோப்பை அகலச் சக்கரங்கள் நடைபாதை விளிம்பைக் கண்டாலே மிரண்டன. சுற்றிச் சுற்றி ஒருவழியாக மேட்டுத் தெருவுக்கு வந்துவிட்டாள். ஏற்றத்தில் ஒன்பதாவது கதவருகே வண்டி கீச்சிட்டது, நின்றது, பின்னால் நழுவியது. யாரோ ஓடிவந்து பிடித்துக்கொண்டு, மகனுக்கும் போன் போட்டுவிட்டார்கள். இன்னும் பதினேழு கதவு. மேலே ஜன்னலோரம் கட்டிலை நகர்த்தச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது தங்கை. ஒரு கை விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மகன் முகம் சிவந்திருந்தது. "கீழ விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"அந்த வீடுதான்டா. ரெண்டு நிமிஷம்."

"மீட்டிங் இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா." வண்டியை ஒரே இழுப்பில் மடக்கி டிக்கியில் வைத்தான். அந்தக் கோபத்திலும் அவனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: "பாத்தியா, எவ்வளவு கச்சிதமா உக்காருதுன்னு."

அதற்குப் பிறகு அவன் அதை வெளியே எடுக்கவே இல்லை. "உன் நல்லதுக்குத்தாம்மா. இங்கயே இருக்கட்டும். எங்க போனாலும் நானே கூட்டிட்டுப் போறேன்." தினமும் எட்டரைக்குக் கார் கிளம்பும்; இருட்டிய பிறகு திரும்பும்.

பத்து நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். "கட்டில் இன்னும் ஜன்னல் பக்கத்துலதான்க்கா கிடக்கு. வண்டி என்னாச்சு?"

தபால்காரம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஆபீசுக்குப் போயிருக்கு."