இரண்டாவது வளைவு

1953இல் திருவொற்றியூர்ச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் புதிய காற்றாடி பூட்டினார்கள். உலர்த்தும் கூடத்துக்கு வெப்பக்காற்றைக் கொண்டுபோக, ஆள் நுழையும் அகலத்தில் தகரக் குழாய் கூரையோரமாக வளைந்து வளைந்து போயிற்று. காற்றாடியின் இரைச்சல் அதற்குள் எங்கே எவ்வளவு பெருகும் என்று கணக்கிடும் வேலை ஞானசெல்விக்கு. நாசரேத்திலிருந்து வந்து பக்கத்து டோல்கேட்டில் அரிசி மண்டி வைத்த குடும்பத்துப் பெண், கணிதம் படித்தவள்.

குழாயைத் தாளில் பத்துத் துண்டாகப் பிரித்தாள். ஒரு துண்டின் முடிவில் கிடைத்த அழுத்தத்தை அடுத்ததின் தொடக்கமாக வைத்து, கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். எந்த வேகத்திலும் பயமில்லை என்று வந்தது. எஞ்சினியர் வால்டர் உடனே ஓட்ட நாள் குறித்துவிட்டார்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. துண்டுகள் நீளமானவை, ஒரே துண்டுக்குள் ஒலி ஏறி இறங்கிவிட்டால் கணக்கில் தெரியாது. இருபதாகப் பிரித்து மறுபடி போட்டாள். ஓடும் வேகத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டாவது வளைவில், அழுத்தம் மளமளவென்று ஏறியது.

தாளோடு ஓடினாள். அன்றுதான் குறித்த நாள், காற்றாடி அதற்குள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. குழாய் சாதுவாக இருந்தது.

"பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்றார் வால்டர்.

"ஏறும்போது ஆபத்தான வேகத்தைச் சட்டுன்னு தாண்டிடுச்சு. இனி வேகம் குறையக் கூடாது சார். அரவை மிஷினும் இதே இன்ஜின்லதானே ஓடுது? அதைப் பூட்டினா இது இறங்கும்."

"கொஞ்சந்தானே இறங்கும்?"

"அந்தக் கொஞ்சம்தான் சார் ஆபத்து."

மேலே அதே வளைவில் உட்கார்ந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான் ஃபிட்டர் குமாரவேல், காசிமேட்டுக்காரன்.

"அண்ணே, இறங்குங்க!"

"இரும்மா, இன்னும் ரெண்டு போல்ட்டுதான் கீது. இன்னாத்துக்கு பேஜாரு பண்றே?"

"முதல்ல இறங்குங்கண்ணே!"

முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் கால் வைத்தான். அந்த நேரம் பார்த்து அரவைக் கூடத்தில் பெல்ட்டைப் பூட்டிவிட்டார்கள்.

முதலில் காலடியில் அதிர்ந்தது. பிறகு ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. குழாய் உறுமியது. வால்டர் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. முடுக்காத போல்ட்டுகள் தெறித்து, வளைவு கிழிந்து, தகரம் சுருண்டு விழுந்தது.

இன்ஜினை நிறுத்தியபோது குமாரவேல் ஏணியடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். விரலிடுக்கில் ரத்தம்.

"யார்னா பேசுங்கப்பா" என்றான். "ஒண்ணுமே கேக்கல."

அவனைச் சுற்றி எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கிழிந்த இடத்துக்கு ஒட்டுப்போட்டார்கள். அதற்குள் ஞானசெல்வி நாற்பது துண்டாகப் பிரித்துப் பார்த்தாள். அழுத்தம் ஏறும் இன்னொரு இடம் தெரிந்தது, பெண்கள் சாயப்பொடி சலிக்கும் இடத்துக்கு நேர் மேலே.

வால்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "நாளைக்கே ஓட்டணும்னு முதலாளி சொல்லிட்டார்" என்றார் தலைநிமிராமல்.

அவள் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு, சலிக்கும் பெண்களிடமே சொல்லப் போனாள்.