பூண்டை மறித்த வாயில்

ஆவொமோரி மலையடியில் உள்ள கொஸாவா ஊரின் புத்த மடத்து வாயில், பூண்டு தின்றவர்களை முந்நூறு ஆண்டுகளாகத் தெருவிலேயே நிறுத்தி வந்தது. பூண்டும் மதுவும் உள்ளே புகலாகா என்று வாயிலோரக் கல்லில் வெட்டப்பட்டிருந்தது. மதுவை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பூண்டு தின்றவரையோ, நெஞ்சில் உள்ளங்கை வைத்தாற்போல மெல்லப் பின்னுக்குத் தள்ளும். மூன்று நாள் வாயைக் கட்டினால் வழிவிடும். ஊரில் நெல் மட்டும் விளைந்தவரை இதனால் எவருக்கும் இடரில்லை. பின்னர் தொமேசோ என்பவர் முதன்முதலாகப் பூண்டு பயிரிட்டார். ஊரே அவரைப் பின்பற்றியது. திதி நாள்களுக்கு மூன்று நாள் முன்னரே ஊர் முழுவதும் பூண்டை நிறுத்திக்கொள்ளப் பழகியது.

நாற்பதாண்டுகள் நாள்தோறும் ஒரு முழுப் பூண்டு தின்ற தொமேசோ, அக்டோபரில் விதைப்பு முடிந்த மறுநாள் இறந்தார். எரித்த பின்னும் அவருடைய சாம்பல் மணத்தது. அஸ்தியைக் கல்லறையில் சேர்க்கும் நாற்பத்தொன்பதாம் நாள் அவர் மனைவி கிசே, அஸ்திக் கலசத்தை ஏந்தி வாயிலுக்கு வந்தாள். வாயில் அவளை விட்டது, கலசத்தை விடவில்லை. ஆறு வயதில் இறந்த அவர்களுடைய மகள் யாயே, உள்ளே குடும்பக் கல்லறையில் இருந்தாள். பனி மூடிவிட்டால் ஏப்ரல் வரை கல்லறைக் கல்லைத் திறக்க இயலாது.

"சுவருக்கு மேல தூக்கிக் குடுத்துடலாம் கிசேக்கா. யாரு பாக்கப்போறா?" என்றான் பக்கத்து வயல்காரன் மகோரொக்கு.

"உசுரோட இருந்தப்ப ஒரு வேலி தாண்டாத மனுசன். செத்தப்புறம் திருடனாக்கச் சொல்றியா?"

எட்டு நாள் வந்து எட்டு நாளும் திரும்பினாள். மடத்துத் துறவி கெந்தோ, தம்மைக் கேளாமல் வாயில் இப்படி நடந்துகொள்வது முறையன்று என்று சினந்தார், பயனில்லை. ஒன்பதாம் நாள் பனிமேகம் கூரைவரை இறங்கியிருந்தது. கிசே வாயிலோரக் கல்லருகே அமர்ந்து, மிசோ என்னும் உப்புச் சோயா விழுதில் ஊறிய பூண்டு வைத்த சோற்றுருண்டைகளைப் பிரித்துத் தின்னத் தொடங்கினாள்.

"என்ன காரியம் பண்றே கிசேம்மா? இனி மூணு நாளுக்கு உன்னையும் விடாதே" என்று பதறி வெளியே வந்தார் கெந்தோ.

"அவர விடாத எடத்துல எனக்கென்ன வேல? சாமி சாப்ட்டீங்களா?"

சாப்பிடவில்லை. எழுபத்திரண்டு வயதில், அவளருகே குளிரில் அமர்ந்து, அவர் முதன்முறையாகப் பூண்டு தின்றார்; இரண்டாவது உருண்டையையும் வாங்கிக்கொண்டார். "இதையா இத்தன வருசமா வெளிய நிறுத்தி வெச்சிருந்தோம்?" என்று எழுந்து திரும்பியவரை, மற்றவர்களைத் தள்ளும் அதே மரியாதையுடன் வாயில் தள்ளியது. அன்று மாலை மடத்து மணி ஒலிக்கவில்லை. அடிக்க உள்ளே ஆளில்லை. கெந்தோ மகோரொக்கு வீட்டில் உறங்கினார்.

விடிந்தபோது வாயில் அங்கில்லை. கல்லோடு சேர்ந்து, மடத்தின் பின்புறம் மலையைப் பார்த்து நின்றது. ஓர் ஓடுகூட விழவில்லை. தரையில் இழுத்த தடமும் இல்லை. ஊர் அலுவலகம் தன் பதிவேட்டில் 'நகர்த்தப்பட்டது' என்று எழுதியிருப்பது பெரும்பிழை. எவரும் நகர்த்தவில்லை, அதுவே நகர்ந்தது.

கிசே முன்புறமாக நடந்து உள்ளே போனாள். மகோரொக்கு கல்லறைக் கல்லைப் பெயர்த்தான். கிசே சிறிய கலசத்தின் பக்கத்தில் பெரியதை இறக்கி, "கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு, அப்பா வந்துட்டாரு" என்றாள். பத்து மணிக்குத் தொடங்கிய பனி ஏப்ரல் வரை கிடந்தது.

வாயில் இன்றும் பின்னால்தான் நிற்கிறது. மலையில் காட்டுப்பூண்டைத் தோண்டித் தின்ற கரடிகள் வசந்தத்தில் அதன் முன் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகின்றன. கிசே மாதம் ஒருமுறை, வாய்கூடக் கொப்பளிக்காமல் முன்வழியாக வந்து, கல்லறையின்மேல் ஒரு முழுப் பூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.