மருமகன் காது

நெவிலுக்கு வாய் சும்மா இருக்காது. என் மாமா மகன். பாலைவனத்து நடுவில் இருக்கும் எங்கள் பழங்குடிக் குடியிருப்பின் டொயோட்டாவை ஓட்டுகிறவன். எங்கள் மொழியை எழுதி வைக்க வந்த டங்கனின் வண்டி மணலில் புதைந்தபோது கயிறு கட்டி இழுத்து வந்தவனும் அவன்தான். கடை வாசலில் அத்தனை பேர் முன்னால் டங்கனுக்கு உறவு வைத்தவனும் அவன்தான்.

"உறவில்லாத ஆளோட இங்க யாரு பேசுவா? இன்னையிலேருந்து இவன் ஜப்பனங்கா!" என்றவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "என்ன ஐவி, மாப்பிள்ளை எப்படி? கொஞ்சம் வெளுப்பு. வெயில்ல காஞ்சா சரியாயிடும்."

எங்கள் எட்டுப் பிரிவுகளில் ஜப்பனங்காவுக்குப் பெண் கொடுக்க வேண்டியது என் பிரிவு. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருந்த என்னைச் சீண்டத்தான் அந்தப் பெயரைத் தேடி எடுத்தான். "இவனைக் கட்டிக்கிறதுக்கு உன் டொயோட்டாவைக் கட்டிக்கலாம்" என்றேன். கடை வாசலே சிரித்தது. சிரிக்காதவள் என் பெரியம்மா ஒருத்திதான். வாங்கிய மாவுப் பையை அப்படியே போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக நடையைக் கட்டினாள். எனக்கு அவன் புருஷன் முறை என்றால் அவளுக்கு மருமகன். மருமகன் முகத்தை மாமியார் பார்க்கக் கூடாது, அவனோடு பேசவும் கூடாது.

டங்கன் வந்ததே பெரியம்மாவைத் தேடித்தான். உப்பு ஏரிப் பக்கத்துப் பேச்சை முழுசாகப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான் மிச்சம். நானும் அந்த ஏரிக்காரிதான். ஆனால் என்னைச் சின்னதிலேயே அரசாங்கத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் மிஷன் விடுதியில் அடைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது பக்கத்துக்காரர்களின் பேச்சுதான் வாயில் ஒட்டியது. ஏரிப் பேச்சு காதில் விழுந்தால் உடம்பு சிலிர்க்கும், பாதிக்கு மேல் புரியாது. அது போய்விடக் கூடாது என்று டங்கனைவிட எனக்குத்தான் தவிப்பு.

நெவில் அவளிடம் போய்க் கெஞ்சினான். "அத்தே, விளையாட்டுக்குச் சொன்னேன். வேற பேரு வச்சிடலாம்."

"உறவு என்னடா, சட்டையா? கழட்டி மாட்டறதுக்கு? வச்சது வச்சதுதான்" என்றாள்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். கிளைகளை நட்டுக் கட்டிய காற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் பெரியம்மா. இந்தப் பக்கம் மரத்தடியில் டங்கன். நடுவில் நான், மடியில் குரல் பிடிக்கும் பெட்டி. அவன் என்னைக் கேட்பான், நான் அவளைக் கேட்பேன். அவள் மண்ணைப் பார்த்தபடி முணுமுணுப்பாள்.

"பெரிய உடும்புக்கு என்ன பேருன்னு கேளுங்க."

சொன்னாள்.

"மணல் உடும்புக்கு?"

அதே சொல்.

"நீலநாக்குப் பல்லிக்கு?"

அதற்கும் அதே சொல். நடக்க, ஓட, ஏற, தவழ எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு சொல். டங்கன் தேநீர்க் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டு மெல்லச் சொன்னான்: "பாவம், நிறைய மறந்துட்டாங்க போலிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நம்பினேன். சிறுநீரகம் கெட்டு, உடம்பு ஊதிக் கிடந்தாள், மறந்திருக்கலாம். தான் பக்கத்தில் இருப்பதுதான் அவளுக்குத் தொந்தரவோ என்று பெட்டியை என்னிடமே விட்டுவிட்டு டங்கன் ஊருக்குப் போனான். அவன் போன பிறகும் அவள் அப்படியேதான் முணுமுணுத்தாள்.

ஒரு நாள் வேலை முடிந்து பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு, மறந்துபோன சுருக்குப் பைக்காகத் திரும்பி வந்தேன். கங்காரு வாலை நாய் கவ்விக்கொண்டு ஓட, பெரியம்மா கம்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். என்ன வசவு! சொல்லுக்குச் சொல் புதுசு. நாய் பதுங்கியதற்கு ஒன்று, வளைந்து ஓடியதற்கு ஒன்று, நாயின் அம்மாவுக்கு ஒன்று, அவளுடைய அம்மாவுக்கு இன்னொன்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பெரியம்மா! இதையெல்லாம் ஏன் பெட்டியில சொல்லலை?"

"பெட்டியிலயா? அது மருமகன் காதுடி. மருமகன் காதுல விழற மாதிரி எவளாவது உடும்பை உடும்புன்னு சொல்லுவாளா?"

"அப்ப இத்தனை நாளாச் சொன்னது?"

"மாமியார் பேச்சு. கூச்சத்துக்குன்னே இருக்கற பேச்சு. பத்துச் சொல்லு பேச வேண்டிய இடத்துல ஒண்ணு. இதுகூடவா தெரியாது உனக்கு?"

"தெரியாதும்மா. விடுதியில யாரு சொல்லிக் குடுத்தா?"

கம்பைக் கீழே போட்டாள். "நீ தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன்னு நெனச்சேன்" என்றாள்.

டங்கனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மறந்துட்டாங்கன்னு சொன்னேனே" என்றான். தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வேறு பெட்டியோடு அனுப்புவதாகவும், அதைத் தான் கேட்கவே மாட்டேன் என்றும் சத்தியம் செய்தான். பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"வரட்டும். அவளை மகளா வச்சுக்கறேன். மொதல்ல கெட்ட வார்த்தை, அப்புறந்தான் உடும்பு. நீயும் வந்து உக்காரு, உனக்குந்தான் ஒரு மண்ணும் தெரியலையே."

அந்த வருஷம் பார்த்து மழை கொட்டியது. நாங்கள் ஏங்கிக் கிடக்கிற மழைதான். அன்றைக்கு அதைச் சபித்தேன். ஓடை பெருகிப் பாதை அறுந்தது. அந்தப் பெண் அக்கரையில் பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொண்டாள். பெரியம்மாவுக்கு மூச்சு திணறியது. விமானம் வந்து தூக்கிப் போனது. போன வேகத்திலேயே அவள் செத்துப்போனாள் என்று சேதி வந்தது.

எங்கள் வழக்கப்படி வீட்டை இலைக்கொத்தால் கூட்டிவிட்டுத் தள்ளிப் போய் மண்ணில் உட்கார்ந்து அழுதோம். செத்தவர் பெயரைச் சொல்வது எங்களுக்கு ஆகாது, அவள் பெயரை நான் இப்போதும் சொல்ல மாட்டேன். நெவில் தலைமயிரை வெட்டிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஒரு வார்த்தையில போச்சே ஐவி" என்றான். அதற்குப் பிறகு கடை வாசலில் அவன் யாரையும் கிண்டல் செய்து நான் கேட்கவில்லை.

டங்கன் யோக்கியன். பெட்டியில் பதிந்ததை வைத்து அவன் போட்ட அகராதியின் முதல் பக்கத்திலேயே, இது மாமியார் பேச்சு மட்டும், அன்றாடப் பேச்சு பதிவாகாமல் போனதற்குத் தானே காரணம் என்று அச்சடித்திருந்தான். முதல் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உள்ளே இருக்கிற பேச்சை நன்றாகவே படிக்கிறார்கள். தாழ்ந்த குரலில், அடக்கமாக, ஒருவருக்கொருவர் மாமியாரும் மருமகனுமாகப் பேசிக்கொள்கிறார்கள். கேட்கிறவர்கள் எவ்வளவு மரியாதையான மொழி என்று மெச்சுகிறார்கள். எனக்கு நெஞ்சு எரிகிறது.

போன வாரம் தங்கை மகள் பந்து விளையாட்டுச் சண்டையில் முட்டி சிராய்த்து, மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, என்னைத் தள்ளிவிட்டவளைத் திட்டணும். நம்ம பேச்சுலயே திட்டணும். புத்தகத்துல தேடித் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல. ஒண்ணு சொல்லேன்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"இங்கிலீஷ்லயே திட்டிக்கோடி" என்றேன்.

போனாள். நன்றாகத்தான் திட்டினாள்.