புதுத்தண்ணீருக்கு முன்னால்

மதகின் கதவு ஒரு சாண் உயர்ந்ததுதான் தாமதம், அதனடியிலிருந்து வெண்ணாறு உறுமிக்கொண்டு பாய்ந்தது. பாலத்தின் மேல் கூடியிருந்தவர்கள் இந்த வருஷத்துப் புதுத்தண்ணீரின் மேல் பூவையும் விதைநெல்லையும் அள்ளி வீசினார்கள். விழுந்த பூ கண்மூடித் திறப்பதற்குள் நுரைக்குள் போய்விட்டது. கரையில் தஹ்மீனா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தண்ணீரோடுதான் அவள் பந்தயம் கட்டியிருந்தாள்.

"பயமாருக்கா?" என்றான் அவள் புருஷன் நௌஷாத்.

"யாருக்கு?" என்றாள், கைப்பிடியை இறுக்கிக்கொண்டு.

பந்தயம் இதுதான். இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே நீடாமங்கலம் மூணாற்றுத் தலைப்பு. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் அந்த இடத்துக்கு, தண்ணீருக்கு முன்னால் அவள் சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிட்டால் நௌஷாத் மறுபடி சார்ஜாவுக்குப் போகக் கூடாது. தண்ணீர் முந்திக்கொண்டால் அடுத்த வாரம் அவளே பெட்டி கட்டிக் கொடுக்க வேண்டும்.

கல்யாணமாகி ஏழு வருஷம். அதில் அவன் லீவில் வந்து போன நாட்களை எல்லாம் ஒட்டுப்போட்டால் ஒரு வருஷம் தேறுமா என்பது சந்தேகம். அதுவரை அவள் நாகூரில் உம்மா வீட்டிலேயே இருந்தாள். போன மார்கழியில் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று வந்து இறங்கியவன், அவளைத் தன் ஊரான நீடாமங்கலத்துக்கு அழைத்து வந்தான். அவன் தனக்கு வாங்கிய பட்டை டயர் சைக்கிளும், அவளுக்கு வாங்கிய கூடை வைத்த சைக்கிளும் வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முப்பத்திரண்டு வயதில் சைக்கிள் கற்கப்போகிறாளாம் என்று நாகூரில் சிரித்தார்கள். ஆற்றங்கரை சிரிக்கவில்லை. சோழன் காலத்துக் கரை என்பார்கள். மேலே இப்போது கப்பிக்கல் கொட்டி, கார் நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் நட்டு வைத்திருந்தார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது, விழுந்தால் பார்ப்பதற்கு ஆளும் கிடையாது. ஆறு மாதமாக, முதலில் அவன் பின்னால் ஓடி வந்தான், பிறகு பக்கத்தில் ஓட்டி வந்தான். அந்த ஆறு மாதத்தில்தான் அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் இருப்பதே உறைத்தது.

அதற்குள் ஜாஹித் அண்ணன் சார்ஜாவிலிருந்து விசா அனுப்பிவிட்டான். அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத தம்பி இவன். போகாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் வாசலில் நின்று, "போயிட்டு வாங்க" என்று மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை அவனோடு சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, புதுத்தண்ணி வருகிறதாமே என்று ஆரம்பித்தவள், என்ன நினைத்தாளோ, பந்தயமாகச் சொல்லிவிட்டாள். அவன் ஒரு நொடி பார்த்துவிட்டு "சரி" என்றான். அத்தனை சீக்கிரம் சொன்ன அந்தச் சரிதான் அவளை உறங்கவிடவில்லை. தோற்றுவிடுவாள் என்ற தைரியமோ?

"நான் தண்ணியோட வரேன். சாட்சி வேணும்ல," என்றான் நௌஷாத். "நீ கெளம்பு."

அவள் ஏறி மிதித்தாள்.

முதல் வளைவு வரை முதுகுக்குப் பின்னால் உறுமல் கேட்டது. நாகூர்க்காரிக்குத் தெரிந்ததெல்லாம் கடல். அலை துரத்தினால் ஓட வேண்டும், நின்று பார்த்தால் கணுக்காலைப் பிடித்துவிடும். கரையோர மூங்கிலும் கருவையும் ஆற்றை மறைத்துக்கொண்டன. தண்ணீர் எங்கே வருகிறது என்று தெரியாததால், எங்கேயும் வருகிறது என்று வைத்துக்கொண்டாள். கப்பிக்கல் டயருக்கடியில் பொரிந்தது. ஊசி குத்திய தலைத்துணி கழன்று கழுத்துக்கு வந்தது. இடது பக்கம் குறுவை நாற்றங்கால்கள் பச்சையாக ஓடின, வலது பக்கம் காற்று ஓடியது. கொஞ்ச தூரத்தில் பயம் எங்கேயோ உதிர்ந்துபோய், வெறும் சந்தோஷம்தான் மிதித்தது. இந்தக் கால்கள் என்னுடையவையா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

பாதி வழியில் ஒரு செம்மறிக் கூட்டம் கரையை அடைத்துக்கொண்டு வந்தது. மணியை அடித்தாள். ஆடுகள் அவளை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"பின்னால தண்ணி வருதுங்க, கொஞ்சம் வழி விடுங்க," என்று கெஞ்சினாள்.

ஆட்டுக்காரர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஆடுகளை ஒதுக்கினார். அவர் சிரிப்பை அடக்கியது போலிருந்தது. அதை யோசிக்க நேரமில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டரும் தொடை எரிய, உதட்டைக் கடித்துக்கொண்டு, அல்லாவை ஒரு பக்கமும் பெடலை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

மூணாற்றுத் தலைப்பில் ஆறு காய்ந்து கிடந்தது. முந்திவிட்டாள். சைக்கிளை அப்படியே மரத்தில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

மரத்தடியில் நாலைந்து பெண்கள் பூத்தட்டோடு இருந்தார்கள். பக்கத்தில் தூக்குவாளியில் மதியச் சோறு. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிற வேம்பு அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஏன் இப்படி எளைக்குது? யாரு தொரத்துனா?"

"தண்ணிதான்க்கா. மேல தொறந்துட்டாங்க. இப்ப வந்துரும்."

வேம்பு அக்காவின் முகம் விரிந்தது. "இப்ப எங்க வரப்போவுது? பொழுது சாஞ்சிரும். காஞ்ச மணல் மொதல்ல குடிக்கும், அப்புறம் பள்ளம் குடிக்கும், மிச்சந்தான் நமக்கு. புதுத்தண்ணி நொண்டி நொண்டித்தான் வரும் புள்ள. சைக்கிள் எதுக்கு? நடந்து வந்தாலே முந்தியிருக்கலாம்."

தஹ்மீனாவின் சிரிப்பு நின்றது. "அவங்களுக்கு இது தெரியுமாக்கா?"

"நௌஷாத் தம்பிக்கா? நல்லாக் கேட்ட. சின்னப் புள்ளைல அண்ணனும் தம்பியும் தண்ணி கூடவே மேலருந்து நடந்து வருவானுங்க. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு."

அவள் பாட்டிலை மூடினாள். கோபம்தான் முதலில் வந்தது. இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் மூச்சுக்கு என்ன மரியாதை? பிறகு கோபத்தின் பின்னாலேயே இன்னொன்று வந்தது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே ஒரு ஆள் சரி என்று சொல்லியிருக்கிறான். அதுவும் சோற்றுக் கையோடு, யோசிக்காமல். எழுந்து சைக்கிளைத் திருப்பினாள்.

"வந்த வழியே எங்க போற?"

"எதிர்கொண்டு கூட்டியாரப் போறேங்க்கா," என்று சொல்லிவிட்டு ஏறினாள். தண்ணீரையா புருஷனையா என்று வேம்பு அக்கா கேட்கவில்லை.

வெயில் ஏறியிருந்தது. கால் சொன்னபடி கேட்கவில்லை, ஆனாலும் இறங்க மனசில்லை. வந்த தூரத்தில் பெரும்பகுதியைத் திரும்ப ஓட்டியபிறகு, ஒரு வளைவில் கொக்குகள் தெரிந்தன. ஆற்று மணலில் வரிசை கட்டி, வளையை விட்டு ஓடும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டே பின்னடி வைத்தன. அவற்றுக்கு அப்பால் சருகையும் குச்சியையும் ஒரு ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு பழுப்பு நுரை ஊர்ந்து வந்தது. கரையின் மேல், அதே வேகத்தில், பட்டை டயர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நௌஷாத் நடந்து வந்தான்.

அவள் இறங்கி நின்றாள். "தோக்கறதுக்குன்னே கட்டுனீங்களா மச்சான்?"

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தேன். நீ பந்தயம்னு சொன்ன. அதுவாச்சும் சொன்னியேன்னு இருந்துச்சு."

"இப்ப சொல்றேன். போகாதீங்க."

சொல்லிவிட்டாள். சொன்னபிறகு இவ்வளவுதானா என்றிருந்தது. அவன் கண் சிவந்தது. அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. ஜாஹித் அண்ணன். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு நௌஷாத் எடுத்தான்.

"அண்ணே... நான் வரலண்ணே."

"ஏண்டா?" அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கும் கேட்டது. "கிறுக்குப் புடிச்சிருச்சா? என்னடா காரணம்?"

நௌஷாத் சைக்கிளை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கரைச் சரிவில் இறங்கி மணலில் குந்தினான். போனை உள்ளங்கையில் வைத்து, அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று தரையோடு தரையாகத் தாழ்த்திப் பிடித்தான். நுரை சரசரவென்று சருகைத் தள்ளிக்கொண்டு அவனை நோக்கி வந்தது. ஒரு பள்ளத்தில் விழுந்து நிறைந்தது, வழிந்து மேலே ஏறியது.

போனில் அதட்டல் நின்றுவிட்டது. இரண்டு சைக்கிளையும் பிடித்தபடி தஹ்மீனா கரையில் நின்றாள். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, யாரும் வைக்கவில்லை. தண்ணீர் வந்து அவன் விரல்களைத் தொட்டது.