பனிக்குக் கொடுத்த டிரா

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. சொல்கிறேன். ஆனால் நான்காம் பகுதி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதே சொன்னால் என் முகத்திலேயே முழிக்க மாட்டீர்கள்.

முதல் தொடக்கம்: பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்தின் மேல் பனித்துளி...

வேண்டாம். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது: ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர் டாங்கிப் பக்கம், தோட்டத்தில் சிக்னல் நிற்கும் ஒரே இடத்தில், ஜெயந்தினி போனில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். மலையகப் போட்டியின் கடைசி ஆட்டம் இது. வென்றால் கொழும்புப் போட்டிக்கு அவள் போவாள். டிரா ஆனால் எதிரே ஆடுகிறவர் போவார்.

இது இருக்கட்டும்.

2

அவளிடம் ஒரு குதிரை கூடுதலாக இருந்தது. எதிராளி டிரா கேட்டார். மறுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். தோற்கிறவர் டிரா கேட்பதே அழகில்லை. மறுத்த பிறகும் கேட்பது, விருந்துக்கு வந்தவர் அடுப்படிச் சட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. மூன்றாவது முறையும் கேட்டார்.

"என்னடி, மூஞ்சி இப்பிடி போவுது?" என்றாள் குடையோடு நின்ற அண்ணி நிஷாந்தி.

"மூணாந்தரமா டிரா கேக்குறாரு அண்ணி. கூச்சமே இல்ல."

(அண்ணி அங்கே நின்றாளா என்று எனக்குத் தெரியாது. ஜெயந்தினியைத் தனியாக நிறுத்த மனம் வரவில்லை.)

3

மறுத்தாள். உடனே எதிராளி காணாமல் போனார். திரையில் இரண்டு பொத்தான்கள் வந்தன: வெற்றியை எடுத்துக்கொள்ளலாம், அல்லது டிரா கொடுக்கலாம்.

மலையில் ஆடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பனி இறங்கி ஒருவருக்கு லைன் போனால், அதாவது இணைப்பு அறுந்தால், மற்றவர் வெற்றியை எடுப்பதில்லை. டிரா கொடுத்துவிடுவார். எந்த விதிப்புத்தகத்திலும் இது இல்லை.

"அவரு ஊரு பட்டிப்பொலன்னு போட்டிருக்கு அண்ணி. பனியா இருக்கும்."

"போன மாசம் ஒனக்கு லைன் போனப்ப குடுத்தாங்கல்ல?"

"குடுத்தாங்க. ஆனா இது கொழும்பு அண்ணி."

ஜெயந்தினி கண்கலங்கி [இல்லை, அழுதிருக்க மாட்டாள்] கொஞ்சம் கோபத்தோடுதான் டிராவை அழுத்தினாள்.

4

அந்த எதிராளி நான்தான்.

முதல் இரண்டு தடவை பட்டிப்பொலயில் உண்மையிலேயே பனி. கேட்டது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல்தான் மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை வெயில் வந்துவிட்டது. அவள் மறுத்தது தெளிவாகத் தெரிந்தது. டேட்டாவை நானே அணைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

திரும்பப் போட்டபோது அவளிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: "பனியா அண்ணே? பரவால்ல. நாங்களும் மலதான்."

5

முடிவு ஒன்று: நான் கொழும்பில் வென்று, மேடையில் அவள் பெயரைச் சொல்லி...

அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: "தங்கச்சி, அன்னைக்குப் பனி இல்ல." இதை எழுதி ஒரு வாரமாயிற்று. இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் இடம் அவளுக்குப் போகும். போட்டி நாளைக் காலை. இன்று பஸ் பிடிக்க அவளுக்கு நேரமிருக்கிறது. ஆனால் அனுப்பிய பிறகு மலையில் ஒருவரும் என்னோடு ஆட மாட்டார்கள்.

பட்டிப்பொல ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொழும்பு ரயிலின் சத்தம் கேட்கிறது. போனில் சிக்னல் முழுசாக இருக்கிறது.

ஏறவா, அனுப்பவா? நீங்களே சொல்லுங்கள். பனி என்று மட்டும் சொல்லாதீர்கள்.