லைனிங் துணியில் காய்ந்த விதைகள்

கடல் உள்ளே வந்துபோன வருடத்திலிருந்து எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரித்தது. தோட்டத்தில் போட்ட தக்காளி விதை போட்டபடியே கிடந்தது. நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்த என் மனைவி அதற்கு ஒரு வழி கற்றுக்கொண்டு வந்தாள். விதையை லேசான உப்புத் தண்ணீரில் ஊறவைப்பாள். முளை எட்டிப் பார்ப்பதற்குள் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துவாள். அப்படிக் காய்ந்த விதை உப்பு மண்ணிலும் முண்டிக்கொண்டு வந்தது.

"எனக்குப் போடற சாப்பாட்டுல உப்பே இருக்கறதில்ல. விதைக்கு மட்டும் அளந்து போடற" என்பேன்.

"விதை குறை சொல்லாதுங்க."

நான் தையல்காரன். விதை உலர்த்த என் லைனிங் துணியைத்தான் எடுப்பாள். "துணி எங்கடி?" என்று கத்தினால், "மெதுவா பேசுங்க, அதுங்க படுத்திருக்கு" என்று பதில் வரும். முளைத்த நாற்றின் தலையில் விதைத்தோல் தொப்பி மாதிரி ஒட்டியிருந்தால் என் கை சும்மா இருக்காது. கிள்ளப் போவேன். எந்த மூலையில் இருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். "கைய எடுங்க. அதுவே கழட்டிக்கும்."

கடைசியாக விதை ஊறப்போட்ட அன்றுதான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்து போனில் முதலில் விசாரித்தது என்னை இல்லை. "விதைய எடுத்துட்டீங்களா?" எடுத்தேன், அலசினேன், வெட்டு மேசையில் நல்ல துணியாகவே விரித்துப் பரப்பினேன்.

அவள் திரும்பி வரவில்லை. காய்ந்த விதையைப் பொட்டலம் கட்டி அவள் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மண்ணுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

அவள் தங்கையும் அதே பண்ணையில்தான் வேலை பார்க்கிறாள். அக்காவின் துணிமணிகளை எடுத்துவைக்க வந்தவள் பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன மாமா, இன்னுமா இத வச்சிருக்கீங்க?"

"இருக்கட்டும்மா. அவ கை பட்டது."

"சாதா விதைன்னா வருஷக்கணக்குல இருக்கும். இது பாதி முழிச்ச விதை. மறுபடி ரொம்ப நாள் தூங்காது. வச்சிருந்தா செத்து…" பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"கொஞ்சமாவது வச்சுக்கறேனே."

"எதுக்கு? பாழாக்கிட்டீங்கன்னு அக்கா வந்து திட்டவா?"

"திட்டினா நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகும்போது நாற்றுத் தட்டு ஒன்றைத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

தோட்டத்து மண்ணைத்தான் நிரப்பினேன். பொட்டலத்தைக் கவிழ்த்தபோது காகிதத்தில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டையும் விரலால் தட்டிவிட்டேன். கிணற்றுத் தண்ணீரையே தெளித்தேன்.

ஒரு நாள் காலையில் மெஷினில் உட்கார்ந்தபோது தட்டின் ஓரமாக மண் வெடித்திருந்தது. கழுத்து வளைந்த பச்சைகள். அதில் ஒன்று தலையில் தொப்பியோடு நின்றது. என் கை தானாகப் போயிற்று. தோலைத் தொடும் இடத்தில் விரலை நிறுத்திக் காத்திருந்தேன்.

சமையலறைப் பக்கமிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. பிறகு நானே கையை எடுத்துக்கொண்டேன்.