மூன்றாம் மாடி மாநாடு

கட்சியில் அவளை ஹால் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைப்புக்குத் தையல் கடை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக, கட்சிக்கு எந்தக் கூட்டம் என்றாலும் இடம் பார்ப்பது அவள் வேலை. வாடகை கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், வந்தவர்கள் முகம் சுளிக்கவும் கூடாது. மேடையில் ஏறிச் சாதாரணக் குரலில் பேசிவிட்டு, கடைசி வரிசையில் நிற்கும் மேனேஜரிடம் கேட்டதா என்று கேட்பாள். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழுகிறதா என்று போட்டுப் பார்ப்பாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே வருவாள். படி இருந்தால் எண்ணுவாள்.

படி எண்ணுவது தம்பியால் வந்த பழக்கம். சரக்குக் கிடங்கில் மூட்டை சரிந்து விழுந்ததில் அவனுக்கு இரண்டு காலிலும் வலு போய்விட்டது. ஊன்றுகோல் இரண்டையும் வைத்துக்கொண்டு சமதரையில் மற்றவர்களை முந்திவிடுவான். படி என்றால்தான் திணறுவான். விபத்துக்குப் பிறகு ஒரு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவனை, "சும்மா வந்து உக்காருடா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம்" என்று கட்சிக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். மூன்றாவது கூட்டத்தில் அவன் எழுந்து பேசினான். அதற்கப்புறம் அவனை உட்கார வைக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

அந்த வருடம், கட்சியைப் பெரிய கட்சியோடு இணைத்துவிடலாம் என்று செயலாளர் ஆரம்பித்தார். தனியாக நின்று எத்தனை தடவை தோற்பது என்பது அவர் கேள்வி. தோற்றாலும் நம் பேரில் தோற்போம் என்றான் தம்பி. கிடங்குத் தொழிலாளர்கள் அவன் பக்கம் நின்றார்கள். பெரும்பாலும் மூட்டை சுமந்து முழங்கால் தேய்ந்தவர்கள். ஆறு மாதம் எந்தக் கூட்டமும் கைகலப்புக்குப் பக்கத்தில் போகாமல் முடியவில்லை. கடைசியில் சிறப்பு மாநாடு கூட்டி ஓட்டெடுப்பு நடத்துவது என்று முடிவானது. இடம் பார்க்கச் சொல்லி அவளிடம் வந்தார்கள்.

அவள் இரண்டு இடம் பார்த்தாள். ஒன்று அச்சகத் தொழிலாளர் சங்கத்தின் ஹால். தரைத்தளம், வாசலில் ஒரே ஒரு படி, ஆனால் மின்விசிறிகள் பேச்சை அமுக்கிவிடும். இன்னொன்று ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. காற்றோட்டம், நல்ல மேடை, வாடகை பாதிதான். லிஃப்ட் இருந்தது. ஆனால் அது கடைக்காரருடையது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்தால் லிஃப்டையும் பூட்டிவிடுவார்கள். படி எழுபத்தெட்டு.

"சங்க ஹாலே எடுத்துரலாம்" என்றாள் செயலாளரிடம்.

செயலாளர் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். "கட்சி இருக்கிற நிலைமை உனக்குத் தெரியாதாம்மா? பாதி வாடகையில கிடைக்குது. அன்னைக்கு மட்டும் லிஃப்டைத் திறந்து விடச் சொன்னா ஆச்சு. அதை நான் பாத்துக்கறேன்."

"தம்பி வரணும். அவன்கூட வர்றவங்களும் ஏற முடியாதவங்க."

"எனக்குத் தெரியாதா? நீ ஃபாரத்துல கையெழுத்துப் போடு."

போட்டாள். வெள்ளிக்கிழமை ஒரு தடவை நினைவுபடுத்தினாள். சொல்லியாச்சும்மா என்றார். வழக்கமாக யார் என்ன சொன்னாலும் முதல் நாள் மேனேஜருக்குத் தானே போன் செய்து எல்லாவற்றையும் ஒரு முறை கேட்டுக்கொள்வாள். அந்தச் சனிக்கிழமையும் போன் போட்டாள். இரண்டு தடவை மணி அடித்தது. அதற்குள் ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஒரு பெண் கடைக்குள் வந்தாள். போனைக் கட் செய்துவிட்டு அளவு நாடாவை எடுத்தாள். அந்தப் பெண் போன பிறகும் போன் மேஜையில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. தம்பியும் அவனோடு பதினோரு பேரும் இறங்கினார்கள். தம்பி சலவைச் சட்டை போட்டிருந்தான். லிஃப்ட் கதவில் பூட்டுத் தொங்கியது.

மேனேஜருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள்.

"பரவால்லக்கா, ஏறிக்கறேன்" என்றான் தம்பி. மற்றவர்களிடம், "நீங்க முன்னாடி போங்க, போய் ஓட்டைப் போடுங்க" என்றான்.

"உன்னை இங்க விட்டுட்டுப் போயி நாங்க யாருக்கு ஓட்டுப் போடறது?" என்றார் அவர்களில் மூத்தவர். ஒருவரும் நகரவில்லை. இரண்டு பேர் அவன் தோளைத் தாங்கினார்கள், ஒருவர் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார். மீதிப்பேர் தங்கள் முழங்காலைப் பிடித்தபடி பின்னால் ஏறினார்கள்.

அவள் மேலே ஓடினாள். கட்சி தொடங்கிய நாளிலிருந்து ஒரு கூட்டம்கூடச் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்ததில்லை. அன்றைக்குப் பத்து மணி அடித்ததும் செயலாளர் மைக்கைத் தட்டினார். அவள் மேடைக்குப் பக்கத்தில் போய், "படியில வந்துக்கிட்டு இருக்காங்க, அரை மணி நேரம் பொறுங்க" என்றாள்.

"வரட்டும்மா. யாரு வேண்டாம்னா?" என்றார் செயலாளர். பிறகு மைக்கில் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார்.

அவள் அங்கேயே நின்று கத்தியிருக்கலாம். அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று பிறகு பல நாள் நினைத்தாள். அப்போது படிக்கட்டிலிருந்து ஏதோ விழும் சத்தம் கேட்டது. கீழே ஓடினாள். முதல் மாடித் திருப்பத்தில் தம்பி சரிந்து உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். ஒவ்வொரு படியாக ஏறினார்கள். இரண்டாவது மாடியில் அவனுக்கு மூச்சு இரைத்தது. "பேசாம தூக்கிட்டுப் போங்கடா" என்று அவனே சொன்னான். யார் தூக்க வந்தாலும் கையைத் தட்டிவிடுகிறவன் அவன்.

மூன்றாவது மாடிக்கு ஆறு படி இருக்கும்போது மேலே கைதட்டல் கேட்டது.

ஏழு ஓட்டு வித்தியாசத்தில் இணைப்புத் தீர்மானம் ஜெயித்திருந்தது. படிக்கட்டில் இருந்தவர்கள் அவளைச் சேர்த்துப் பதின்மூன்று பேர். தன் ஓட்டு யாருக்கு என்று அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

தம்பி ஹால் வாசலில் நின்று உள்ளே பார்த்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. செயலாளரைப் பார்த்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பக்கம் திரும்பினான்.

"ஹால் நீ பாத்ததுதானேக்கா?"

"லிஃப்டைத் திறக்கச் சொல்லிட்டேன்னு செயலாளர்தான்டா சொன்னாரு."

"நீ கேக்கலையா?"

அவன் இறங்கத் தொடங்கினான். யாரையும் தொடவிடாமல், உட்கார்ந்து உட்கார்ந்து, எழுபத்தெட்டுப் படியும்.

திங்கட்கிழமை ஹால் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேனேஜரிடம் லிஃப்டைப் பற்றிக் கேட்டாள். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "உங்க செயலாளர் வியாழக்கிழமை போன் பண்ணினாரும்மா. ஞாயித்துக்கிழமை லிஃப்ட் ஓடாதுல்லன்னு கேட்டாரு. ஓடாதுன்னேன். சரின்னு வச்சிட்டாரு. திறக்கணும்னு சொல்லியிருந்தா திறந்து விட்டிருப்பேனே. சாவி என்கிட்டதான் இருக்கு."

அவள் அங்கிருந்து கடைக்குப் போகவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்து, எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கையில் கட்டு. மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"அது எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு" என்றான். "அவரு மேல எனக்குக் கோபமே இல்ல. அவரு ஜெயிக்கணும்னு நினைச்சாரு, ஜெயிச்சாரு."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஏமாந்துபோன அக்காவாகவே இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் அவனிடம் இதுவரை எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

"சனிக்கிழமை நான் மேனேஜருக்குப் போன் போட்டேன்டா. ரெண்டு தடவை மணி அடிச்சுது. ஆள் வந்தாங்கன்னு கட் பண்ணிட்டேன். அப்புறம் பண்ணல."

"மறந்துட்டியா?"

"மறக்கல." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆறு மாசமா நீ சாப்பாடு தூக்கம் இல்லாம கத்திக்கிட்டுக் கிடந்தே. எப்படியாவது முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. லிஃப்ட் திறக்கலைன்னா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. தோணின பிறகும் நான் போனை எடுக்கல."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தம்பி தன் கைக்கட்டைப் பார்த்தான். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். சிறு வயதிலிருந்தே அவன் திட்டி முடித்தால் கோபமும் முடிந்துவிடும்.

"நீ என்னைக் கூட்டிட்டுப் போன இடம்கா அது" என்றான். "படுத்துக் கிடந்தவனை எழுப்பி நீதான கூட்டிட்டுப் போன?"

அவள் அவன் பக்கம் கையை நீட்டினாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை. சற்றுப் பொறுத்து எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, "வரட்டுமாடா?" என்றாள்.

எத்தனை சண்டை போட்டாலும் போயிட்டு வாக்கா என்று சொல்லித்தான் அனுப்புவான்.

"ம்" என்றான். "கிளம்பு."